சிஸ்டோஸ்கோப்பி முடிஞ்சு யூரின் சிவப்பா போகுதா? எது நார்மல், எது ஆபத்து?

"சின்ன டெஸ்ட்தான், நாளைக்கே ஆபீஸ் போகலாம்." சிஸ்டோஸ்கோப்பிக்கு முன் பலர் கேட்கும் பதில் இது. பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால், அன்று மாலை வீட்டு பாத்ரூமில் என்ன நடக்கும் என்பதைப் பல இடங்களில் விளக்கிச் சொல்வதில்லை. பயம் அங்குதான் ஆரம்பிக்கிறது.

சிறுநீர் வெளியேறும் பாதை வழியாக மெல்லிய கேமரா குழாயைச் செலுத்தி, சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை. குழாய் உரசியதால் நீர்க்கடுப்பு போல எரிச்சல் இருக்கும். அடிக்கடி யூரின் வருவது போலவும் தோன்றும். கொஞ்சம் ரத்தம் கலந்தாலே யூரின் இளஞ்சிவப்பாக மாறிவிடும். பார்க்கத்தான் பயங்கரம், வழக்கமாக ஓரிரு நாளில் சரியாகிவிடும். பயாப்சிக்காகச் சதை எடுத்திருந்தால் இன்னும் சில நாள் ஆகலாம்.

எரியுதேன்னு தண்ணீரைக் குறைப்பதும், யூரினை அடக்குவதும்தான் தப்பு. சிறுநீர் அடர்த்தியானால் எரிச்சல் கூடும். உள்ளே இருக்கும் ரத்தம் உறைந்து பாதையையே அடைக்கலாம். முதல் 2 மணி நேரத்துக்கு, மணிக்குச் சுமார் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வது வழக்கம். இதய, சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, இதமான சூட்டில் எரியும் இடத்தில் வைக்கலாம். காபிக்கு ரெண்டு நாள் லீவு விடுங்க, ப்ளீஸ். மரத்துப்போகும் ஜெல்லுக்குப் பதில் முழு மயக்கம் கொடுத்திருந்தால், 24 மணி நேரத்துக்கு பைக், கார் ஓட்டக் கூடாது.

முட்டிக்கொண்டு வந்தும் யூரின் போக முடியவில்லையா? நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ரத்தம் கட்டி கட்டியாக வந்தாலோ, அடர் சிவப்பாகவே போனாலோ, குளிர் நடுக்கம் இருந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ அதேதான். எரிச்சல் 2 நாளைத் தாண்டினாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

'அந்த இடத்து' பிரச்னை என்பதால் வீட்டில்கூட வாய் திறக்காமல், 'வைரல் ஃபீவர்' என்று லீவு மெயில் அனுப்பிவிட்டுத் தனியாகப் படுத்துக்கிடப்பவர்கள் உண்டு. வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

பக்கம் பக்கமாக பில் அச்சடிக்கும் மருத்துவமனைகள், இதையெல்லாம் தமிழில் அரைப் பக்கம் அச்சடித்துத் தரலாமே! தராவிட்டால், கிளம்பும் முன் நீங்களே கேளுங்கள்: ஆன்டிபயாடிக் வேண்டுமா? ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது? ராத்திரி பிரச்னை வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது?