கட்டைப் பிரிக்கலாமா?

லண்டன் மாநகரில் ஜார்ஜ் தாமஸன் என்றொரு புத்தக வியாபாரி இருந்தார். 1640-ஆம் ஆண்டில், அந்நாட்டு அரசருக்கும் பார்லிமெண்டுக்கும் பூசல் முற்றி வந்த சமயத்தில், தெருவில் விலைபோன துண்டுப் பிரசுரங்களையும் செய்தித்தாள்களையும் பிரசங்கங்களையும் கூடியமட்டில் வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். 1661 வரையில் இந்தப் பைத்தியம் அவரை விடவில்லை. கைக்குக் கிடைத்த தேதியைப் பலவற்றின் முகப்பிலேயே குறித்து வைத்தார். சைனியங்களுக்கு அஞ்சிச் சேகரத்தை இடம் மாற்றி மறைத்தார். சார்லஸ் மன்னரே 1647-இல் ஒரு பிரசுரத்தை இரவல் வாங்கினாராம். அது வழியில் சேற்றில் விழுந்து கறை படிந்து திரும்பியது!

இருபத்தீராயிரத்துக்கு மேற்பட்ட அந்த உருப்படிகளை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்கி, 1762-இல் பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு அளித்தார். இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அச்சேறிய தனி ஜாபிதா 1908-இல்தான் வெளிவந்தது. தாமஸன் காலமாகி 242 ஆண்டுகள் கழித்து! எனினும் அதற்கு வெகுகாலம் முன்பே 'அரசரின் பிரசுரங்கள்' என்ற ஒரே பெயரால் அந்தத் திரட்டை அறிஞர்கள் அறிந்திருந்தார்கள். கார்லைல் அதைத் தேடிச் சென்று படித்தார்.

பிரசங்கங்களை மத அலமாரிக்கும், யுத்தச் செய்திகளைச் சரித்திர அலமாரிக்கும் யாரேனும் பிரித்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாள்கள் பிழைத்திருக்கலாம். ஆனால் இன்ன வாரத்தில் லண்டன்வாசி எதையெதைப் படித்தான் என்ற செய்தி மறைந்திருக்கும். அதை எந்தத் தனித் தாளும் சொல்லாது, கட்டுத்தான் சொல்லும்.

நம் ஊர் வாசகசாலைகளை எண்ணிப் பாருங்கள். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரக நாளில் பாட்டனார் சேர்த்த நோட்டீஸுகள், காலணாப் பாட்டுப் புஸ்தகங்கள், நாடக விளம்பரங்கள் ஆகியவற்றை ஒருவர் மூட்டையாகக் கொண்டுவந்து கொடுக்கிறார். பதிவுப் புஸ்தகத்திலோ ஆசிரியர், பதிப்பகம், விலை என்று பத்திகள். நோட்டீஸுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஆகவே மூட்டை மூலைக்குப் போகிறது, செல் அரிக்கிறது, ஒரு போகியன்று அதன் கதையும் முடிகிறது. தனித்தனியே பதிய ஆளில்லை என்பதற்காக ஒன்றையுமே பதியாமலிருப்பது என்ன நியாயம்?

மூட்டை முழுவதற்கும் ஒரே பதிவு போதும். சேர்த்தவர் இன்னார், அவர் ஊர் இது, இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, ஏறக்குறைய இத்தனை உருப்படிகள், இன்ன மொழிகள், பெரும்பான்மை விஷயம் இன்னது, இருக்கும் அலமாரி இது. ஒரு மணி நேர வேலை. மேல்நாட்டு நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் இம்முறையை வெட்கமின்றிக் கையாளுகின்றன. இதில் ஓர் அபாயமும் உண்டு. ஒரு வரி எழுதியாயிற்று என்று பெட்டியைப் பூட்டிவிட்டு, பிறகு திறக்காமலே இருந்துவிடும் சோம்பல் நமக்குப் புதிதல்ல. ஆகையால் பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புஸ்தகமும் கிடக்கட்டும். பார்க்க வருகிறவர் ஒவ்வொருவரும் தாம் கண்ட பத்துத் தலைப்புகளை அதில் எழுதிவிட்டுப் போகலாம்.

கொடுக்கிற வீட்டாரும் ஒரு காரியம் செய்யவேண்டும். அடுக்கியிருந்த வரிசையைக் கலைக்காமல் கொடுங்கள். சேர்த்தவர் யார், எதற்காகச் சேர்த்தார் என்று அரைத் தாளில் எழுதி உடன் வையுங்கள். இது எந்த நூலகருக்கும் தெரியாது. பல வீடுகளில் இதை அறிந்தவர் எண்பது வயதுப் பாட்டி ஒருவர்தான். அவரை இந்த வாரமே கேளுங்கள்.