பாட்டு மேல் என்ன தப்பு?

'ரஷ்' ராக் குழுவின் ரசிகர்களிடம் பல வருஷம் 'வேப்பர் டிரெயில்ஸ்' என்ற ஆல்பத்தின் பேரையே எடுக்க முடியாது. எடுத்தால் முகம் சுளிப்பார்கள். "அதுவா? ஒரே இரைச்சல்ப்பா" என்று சொல்லி, உடனே எழுபதுகளின் '2112' ஆல்பத்தின் பக்கம் தாவிவிடுவார்கள். இன்றைக்கு அதே ஆட்கள், "ஆகா, என்ன ஆல்பம் அது! யாருக்கும் அருமை தெரியாமல் போச்சே" என்று உருகுகிறார்கள். அந்த 'யாருக்கும்' என்பதில் தாங்களும் சேர்த்திதான் என்பது மட்டும் வசதியாக மறந்துவிடுகிறது.

அந்த ஆல்பம் வந்த கதை இவர்களுக்குத் தெரியாததா? 1997 ஆகஸ்டில் டிரம்மர் நீல் பியர்ட்டின் 19 வயது மகள் கார் விபத்தில் இறந்தாள். அடுத்த வருஷம் ஜூனில் மனைவியைப் புற்றுநோய் கொண்டுபோனது. "நான் ஓய்வுபெற்றுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் நண்பர்களிடம் சொல்லிவிட்டு, மனிதர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கனடா, அமெரிக்கா, மெக்சிகோ என்று சுமார் 88,000 கிலோமீட்டர். குழுவின் மற்ற இருவரான கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் அவரை நச்சரிக்காமல் காத்திருந்தார்கள். 2001 தொடக்கத்தில் மூவரும் டொரொண்டோவில் மறுபடி கூடினார்கள். டிரம்ஸைப் பெரும்பாலும் மறந்தே இருந்த ஒருவர் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். மற்ற இருவரும் அவரை அவசரப்படுத்தக் கூடாது. வேலை முடிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. 2002 மே மாதம் ஆல்பம் வந்தது.

முதல் பாட்டு 'ஒன் லிட்டில் விக்டரி'. ஆரம்பத்தில் பியர்ட் மட்டும்தான். இரண்டு காலும் பேஸ் டிரம்மை விடாமல் மிதிக்க, மேலே கைகள் பொரிந்து தள்ளுகின்றன. சில நொடி கழித்துத்தான் கிதார் உள்ளே வருகிறது. 'நான் வந்துவிட்டேன்' என்று ஒரு டிரம்மர் இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் கிதார் நுழையும் இடத்தில் பாட்டு விரிந்து எழ வேண்டுமே, அதுதான் இல்லை. டிரம்ஸே கூரையை முட்டிக்கொண்டிருக்கும்போது கிதார் எங்கே போகும்? எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கரகரக்கிறது.

இங்கேதான் வயிற்றெரிச்சல். சிடியில் சத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட முடியாது. ஆனாலும் அடுத்தவன் சிடியைவிட நம்முடையது உரக்கக் கேட்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு வெறி. திருவிழாவில் எதிரெதிர் தெருக் குழாய் ஸ்பீக்கர்கள் போட்டி போடுவது போலத்தான். மெல்லிய ஒலியைத் தூக்கி, உரத்த ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் வரம்புவரை தள்ளுவார்கள். அலையின் உச்சி மழுங்கிப்போகும். 13 பாட்டு, 67 நிமிஷம், இப்படியே கேட்டால் காது களைக்காமல் என்ன செய்யும்? கூத்து என்னவென்றால், இன்றைய ஸ்ட்ரீமிங் சேவைகள் பலவும் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்கு இறக்கிவிடுகின்றன. அத்தனை கத்தலும் வீண்.

சரி, ஒலி கெட்டது உண்மை. அதைத் திட்டியதிலும் நியாயம் உண்டு. ஆனால் ரசிகர்கள் அதோடு விட்டார்களா? "பாட்டே சரியில்லை, கீபோர்டு இல்லை, கிதார் சோலோ இல்லை" என்று அடுக்கினார்கள். எண்பதுகளில் இதே குழுவின் 'பவர் விண்டோஸ்' ஆல்பம் வந்தபோது, கீபோர்டு கிதாரை விழுங்கிவிட்டதென்று புலம்பிய கூட்டம்தான் இது. இருந்தாலும் குற்றம், எடுத்தாலும் குற்றம். இவர்களை வைத்துக்கொண்டு அந்த மூன்று பேர் 40 வருஷம் எப்படித்தான் காலம் தள்ளினார்களோ!

குழுவினரே ஒலி சரியில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். 2009 தொகுப்பு ஒன்றில் இரண்டு பாட்டை மட்டும் மறுகலவை (ரீமிக்ஸ்) செய்து சேர்த்தார்கள். 2013இல் இசைத் தயாரிப்பாளர் டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் மூலத் தடங்களிலிருந்து புதிதாகக் கலந்து கொடுத்தார். கெடியின் பேஸ் கிதார் தனியாகக் கேட்டது. லைஃப்சனின் கிதார் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன. உடனே பாட்டெல்லாம் நல்ல பாட்டாகிவிட்டது! மெட்டு அதேதான், வரி அதேதான், வாசிப்பும் அதேதான். பதினோரு வருஷம் அந்தப் பாட்டுகள் வேறெங்கே போயிருந்தன?

இதிலும் திருப்தியடையாத இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "அந்தக் கரகரப்புதான் பியர்ட்டின் துக்கம். அதைத் துடைத்தது பாவம்" என்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. பழைய கலவை பிடித்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள், அது ருசி. ஆனால் வாசித்தவர்களே தவறு என்று சொன்ன ஒன்றுக்குத் தத்துவ முலாம் பூசாதீர்கள். துக்கம் வேண்டுமானால் இதே ஆல்பத்தின் 'கோஸ்ட் ரைடர்' பாட்டில் இருக்கிறது. அதைக் கேட்கக் காது கிழிய வேண்டியதில்லை.

2020 ஜனவரி 7 அன்று பியர்ட் மூளைப் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிறகு உருகல் இன்னும் கூடிவிட்டது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! அவர் அந்தப் பாட்டுகளை மேடையில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், பலர் அடுத்த பழைய பாட்டு எப்போது வரும் என்றுதான் காத்திருந்தார்கள்.

இனி கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013 கலவையிலிருந்து தொடங்குங்கள், பழையதைப் பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம். வயதான குழு ஒன்றின் புது ஆல்பம் காதில் உறுத்தினால், உறுத்துவது ஒலியா பாட்டா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒலிதான் என்றால் அதைத் திட்டுங்கள். பாட்டுக்கான பாராட்டை மட்டும் போட்டவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.