பெரிய வைத்தியர் சொன்னால் வேதமா?

மார்பகத்தில் புற்றுக்கட்டி கண்டால் மார்பு முழுவதையும், அதன் அடித்தசையையும், அக்குள் கழலைகளையும் சேர்த்து அறுத்தெறிய வேண்டும் என்று அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்னும் ரண வைத்தியர் 1894-ம் வருஷத்தில் எழுதினார். கட்டி பெருத்த பிறகே ஸ்திரீகள் வைத்தியரிடம் வந்த காலம் அது. ஆகையால் அவரைக் குறை கூற நாம் வரவில்லை.

ஆனால் பின்வந்தவர்கள் செய்ததென்ன? சிறு கட்டிக்கும் அதையே செய்தார்கள். சுமார் 80 வருஷ காலம், குரு சொன்னதே சரியென்று அறுத்துக்கொண்டே இருந்தார்கள். அறுத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கை வீங்கி, தூக்க முடியாமல் தவித்தவர்கள் பெண்கள்!

1976-ல் பெர்னார்ட் பிஷர் என்பவர் இதைப் பரீட்சித்துப் பார்க்கத் துணிந்தார். 1,851 ஸ்திரீகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்று பிரிவாக்கி, சிலருக்கு மார்பு முழுவதும், சிலருக்குக் கட்டி மாத்திரம், சிலருக்குக் கட்டியை எடுத்துக் கதிர் வைத்தியமும் செய்யப்பட்டது. 20 வருஷத்துக் கணக்கு 2002-ல் வெளியாயிற்று. உயிர் பிழைப்பதில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமில்லை! மார்பைக் காத்தவர்களில், கதிர் பெறாத 100 பேரில் 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பிற்று. பெற்றவர்களில் 14 பேருக்கே திரும்பிற்று.

அப்படியானால் கதிர்தான் மார்பு முழுவதும் பாயவேண்டுமா? திரும்பும் நோய் பெரும்பாலும் பழைய இடத்தருகேதானே வருகிறது? பிரிட்டனில் 50 வயதுக்கு மேற்பட்ட, அபாயம் குறைந்த 2,018 ஸ்திரீகளிடம் இதையும் பரீட்சித்தார்கள். 2017-ல் வெளியான கணக்குப்படி 5 வருஷத்தில் நோய் திரும்பியது, முழு மார்புக்கும் கதிர் பெற்றவர்களில் 100-க்கு 1.1, கட்டியிருந்த பாகத்துக்கு மாத்திரம் பெற்றவர்களில் 0.5.

கட்டி எடுத்த குழியிலேயே, மயக்கம் தெளியுமுன் ஒரே தடவை கதிர் கொடுக்கும் முறையும் 1998-ல் லண்டனில் தொடங்கிற்று. 2020-ல் வெளியான அதன் கணக்கில் நோய் திரும்பியது 2.11, வழக்கமான முறையில் 0.95. உயிர் பிழைப்பதில் பேதமில்லை. ஆகவே சில வைத்தியர்கள் இதை ஏற்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். வாதாடுவது கணக்கை வைத்தே அன்றி, ஆளின் பெருமையை வைத்தல்ல. இதுவல்லவா அறிவுடைமை?

இம்முறைகள் எல்லோருக்கும் பொருந்தா; கட்டி சிறிதாயிருக்கும்போதே வந்தவர்களுக்கே பொருந்தும். ஆதலால் ஸ்திரீகள் வெட்கப்பட்டுக் கட்டியை மறைப்பதும், ஆண்கள் "பார்க்கலாம்" என்று நாள் கடத்துவதும் கொலைக்குச் சமானம் என்போம். வைத்தியரிடம் போங்கள். போய், "ஏன் இது? வேறு வழியுண்டா? பரீட்சை என்ன சொல்லுகிறது?" என்று கேளுங்கள். உடல் உங்களுடையதாயிருக்க, கேட்க வெட்கமென்ன?