படைமுனையில் முளைக்குமோ மக்களாட்சி?

செஞ்சிக் கோட்டையின் மேல் ஏறி நின்று நோக்குவார்க்கு மூன்று குன்றுகள் தெரியும். அவற்றை வளைத்த நெடுமதில் தெரியும். அகழியும் களஞ்சியமும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. அம்மதிலுக்குள் புகுந்த படைகளுள் ஒன்றேனும், அவ்வூர்க் குடிமக்களைப் பார்த்து, "உங்களை யார் ஆளல் வேண்டும்?" என்று கேட்டதாக வரலாறு இல்லை.

கோன் மரபினர் அரண் எடுத்தனர். விசயநகரத்தார்க்குக் கீழிருந்த நாயக்கர் அதைப் பெருக்கினர். 1649-இல் பீசப்பூர்ப் படை வந்தது. 1677-இல் சிவாசியின் படை. நெடுநாள் முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயர் புகுந்தனர். 1714-இல் தேசிங்கு வீழ, ஆர்க்காட்டு நவாபு கொண்டான். 1750-இல் பிரெஞ்சியரும் 1761-இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். ஆள்வோர் மாறினர், ஆளப்பட்டோர் மாறினரா? கொடி மாறியது, வரி மாறவில்லை! 2025-இல் உலக மரபுச் சின்னமாக யுனெசுகோ அறிவித்தபோதும், தமிழ் மண்ணின் இவ்வரண் 'மராத்தியப் படைத்துறை நிலக்காட்சிகள்' என்னும் தலைப்பின்கீழ், மராட்டிய மாநிலத்தின் 11 கோட்டைகளோடு பன்னிரண்டாவதாகவே இடம்பெற்றது. வென்றவன் பெயர் நிற்கும். மண்ணுக்குரியவன் பெயர் மறையும். இதுவே படைவலியின் இயல்பு.

இற்றைப் பேரரசுகளோ நிலம் கொள்ள வருவதாகச் சொல்வதில்லை. மக்களாட்சி கொடுக்க வருவதாகச் சொல்கின்றன. அக்கொடையின் தன்மையைத் தமிழன் ஏட்டில் படித்தறிய வேண்டுவதில்லை. ஈழத்தில் குருதி சிந்தியே அறிந்தான்.

1987 சூலை 29-இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் கொழும்பில் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். யாருடைய உரிமைக்காக உடன்பாடோ, அத்தமிழர்க்கு அதில் கையெழுத்திடும் இடமில்லை! எனினும், வந்திறங்கிய இந்தியப் படையை யாழ்ப்பாண மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். அவ்வாண்டு அக்தோபரில் அப்படையே யாழ்ப்பாணத்தின்மேல் போர் தொடுத்தது. அத்திங்கள் 21-ஆம் நாள் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் மருத்துவரும் செவிலியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மூன்று திங்களுக்குள் மாலை எங்கே போயிற்று?

பின்னர் 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண அவைக்குத் தேர்தல். விடுதலைப் புலிகள் அதைப் புறக்கணித்தனர். வடக்கில் போட்டியே இல்லை. ஓர் ஒப்போலையும் இடப்படாமலே உறுப்பினர் 'தேர்ந்தெடுக்கப்பட்டனர்'. வரதராசப் பெருமாள் முதலமைச்சரானார். அவ்வரசைக் காக்க இளைஞரை வலிந்து பிடித்துப் படை திரட்டினர். மக்களே தேர்ந்த அரசாயின், அதைக் காக்க மக்களின் பிள்ளைகளை ஏன் பிடித்திழுக்க வேண்டும்? 1990 மார்ச்சு 24-இல் கடைசி இந்தியப் படைவீரனும் வெளியேறினான். அவ்வரசும் உடன் சரிந்தது. ஊன்றுகோலை எடுத்ததும் விழுந்தது, காலில்லாத உருவம் என்பதன்றோ பொருள்? உடன்பாட்டால் இணைந்த வடக்கையும் கிழக்கையும் இலங்கை உச்ச முறைமன்றம் 2006-இல் பிரித்தது. எஞ்சியது என்ன? ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரரின் சாவும், அதனினும் பன்மடங்கு தமிழரின் சாவுமே!

"செருமனியிலும் சப்பானிலும் படையால் மக்களாட்சி மலரவில்லையா?" என்பார் உளர். 1919-இலேயே செருமானியர் குடியரசு அமைத்தனர். சப்பானியர் 1890 முதல் பாராளுமன்றம் கண்டனர். வேர் முன்னரே இருந்தது. மேலிருந்த பாறையே புரண்டது.

வங்காள நாட்டையும் காட்டுவர். அங்கு மக்கள் 1970-இல் தாமே ஒப்போலையிட்டுத் தம் தலைவரைத் தேர்ந்துவிட்டனர். 1971-இல் இந்தியப் படை அத்தீர்ப்பை மிதித்தவரை அகற்றியது. அடுத்த ஆண்டே திரும்பியது. அவ்வளவே படையால் ஆவது. முசிபுர் இரகுமான் 1975-இல் சொந்தப் படையினராலேயே கொல்லப்பட்டபோது, முன்னைய வெற்றி அந்நாட்டு மக்களாட்சியைக் காக்கவில்லை.

ஈராக்கிலோ, 2003-இல் புகுந்த அமெரிக்கர் தேடிய பேரழிவுக் கலங்கள் கிடைக்கவில்லை. கிடைத்தது உள்நாட்டுப் போர். ஆப்கானித்தானில் 2001 முதல் இருபதாண்டு நின்றனர். 2021 ஆகத்து 15-இல், அவர்கள் முற்றும் வெளியேறுமுன்னரே காபூல் தாலிபான் கையில் வீழ்ந்தது. கரணியம் ஒன்றே: பணமும் படையும் வெளியிலிருந்து வந்தன, ஆட்சியின்மேல் மக்கட்கு உரிமை வரவில்லை. வரி கொடுப்பவனுக்கு அஞ்சும் அரசே மக்களாட்சி. படை கொடுப்பவனுக்கு அஞ்சும் அரசு அடிமையாட்சி.

இவ்வறம் அயலார்க்கு மட்டுமன்று. தன்னினத்தார் ஏந்தும் படைக்கலத்துக்கும் பொருந்தும். கொடுங்கோலை அது தடுக்கலாம். மாற்றுக் கருத்துடையான் வாயை அடைத்து மக்களாட்சி காண அதனாலும் இயலாது.

வாள் வாயிலைத் திறக்கும், வாழ்வை அமைக்காது. தமிழன் தன் உரிமைக்குத் தில்லிப் படையையோ வேறெவர் படையையோ எதிர்நோக்கியிருப்பானாயின், செஞ்சியின் வெறுங்களஞ்சியத்தை ஒருமுறை சென்று காணட்டும். காவலுக்கென வந்தவர் பலர்; அவருள் களஞ்சியத்தின் திறவுகோலைக் குடிமக்கள் கையில் கொடுத்துப் போனவர் எவர்?