இதயம் வரையும் பிள்ளையைத் திட்டாதீர்கள்!

பிப்ரவரி பிறந்தால் போதும். சிவப்பு இதயத்துக்கு மவுசு வந்து விடும். கேக் மீது இதயம். பலூனில் இதயம். செல்போனைத் திறந்தால் இதயம். பொன்னேரி மட்டும் தப்பி விடுமா?

இந்தச் சமயத்தில் சில வீடுகளில் ஒரு சின்னத் தகராறு நடக்கும். காலேஜில் படிக்கும் மகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இருப்பாள். திரையில் ஒரு பெரிய இதயம். அதைச் சுற்றிப் பூ வேலை, முத்து வேலை. தந்தை பின்னால் வந்து நிற்பார்.

"யாருக்கு இது?"

"யாருக்கும் இல்லை அப்பா. படம் போட்டுப் பழகுகிறேன்."

தந்தை நம்ப மாட்டார். "மூடி வை" என்பார். மகன் என்றால் ஓர் அதட்டலோடு போகும். மகள் என்றால் விசாரணையே நடக்கும்!

தந்தையின் பயத்தைக் கேலி செய்வதற்கு இல்லை. பெண்ணைப் பெற்றவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அவர் பயப்பட வேண்டிய இடம் வேறு. மகள் இதயம் வரைவதில் ஆபத்து ஒன்றும் இல்லை. அது கைத்தொழில். வரையத் தெரியாமல், யாரோ வரைந்ததைப் பொறுக்கி எடுத்தே பழகி விடுகிறாளே, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

கல்யாண பேனர்

அதே வீட்டில் மூத்த பிள்ளைக்குக் கல்யாணம் என்று வையுங்கள். தந்தை என்ன செய்கிறார்? நேராக பிளக்ஸ் கடைக்குப் போகிறார். "மாப்பிள்ளை, பெண் போட்டோவை இதயத்துக்குள் வைத்துப் போடுங்கள். பக்கத்தில் இரண்டு புறா இருக்கட்டும்" என்கிறார். கையோடு முன்பணமும் கொடுக்கிறார். மண்டப வாசலில் அந்த இதயம் 10 அடி உயரத்துக்கு நிற்கும். யாரும் முகம் சுளிப்பது இல்லை. தாய்மாமன் பெயர் விட்டுப் போனால்தான் சண்டை!

மகள் போட்டால் குற்றம், மண்டபத்தில் நின்றால் மங்களமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்தக் கல்யாண பேனரைப் பார்த்தாலும் அதே இதயம், அதே புறா, அதே ரோஜாப்பூ. ஏன்? கடைக்காரர் அதை வரையவில்லை. இன்டர்நெட்டில் இருந்து இறக்கி வைத்து இருக்கிறார். ஊருக்கு ஊர் அதையே ஒட்டுகிறார்கள். இப்போது அதுகூடத் தேவை இல்லை. "இதயம் வரை" என்று எழுதினால், செயற்கை நுண்ணறிவு சில விநாடிகளில் படம் போட்டுக் கொடுத்து விடுகிறது. அழகாகவும் இருக்கிறது. ஆனால் அதில் தமிழில் "நல்வாழ்த்து" என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். பல தடவை, எந்த நாட்டு எழுத்தோ என்று மயங்கும்படி எழுதும். அதைத் திருத்த வரையத் தெரிந்த ஒரு கை வேண்டும். அந்தக் கைக்குத்தான் இனி கூலி.

வெளிநாட்டுச் சரக்கா?

"காதலர் தினமே வெளிநாட்டுச் சரக்கு. அந்த இதயமும் நமக்கு வேண்டாம்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. வாழ்த்து அட்டைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்திய ஆண்டுகளும் உண்டு. 2023-ம் ஆண்டில் இந்திய விலங்குகள் நல வாரியம், பிப்ரவரி 14-ந் தேதி பசுவைக் கட்டித் தழுவுங்கள் என்று வேண்டுகோள் விட்டது. சில நாளில் வாபஸ் வாங்கிக் கொண்டது. பசுக்களின் கருத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தேதி வெளிநாட்டுத் தேதியாக இருக்கலாம். வடிவம் நமக்குப் புதிதா? தாம்பாளத்தில் இருக்கும் வெற்றிலையைக் காம்பு மேலே இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். இதயப் படம் அதுதான். உண்மையான இதயம் அப்படி இருக்காது. அது கைமுட்டி அளவுள்ள தசை. உள்ளே 4 அறைகள். அதை அப்படியே வரைந்து வாழ்த்து அனுப்பினால் வாங்குகிறவர் டாக்டரிடம் ஓடுவார்!

வெள்ளிக்கிழமை பூஜை அறையில் பாட்டிமார் போடும் கோலத்துக்குப் பெயர் என்ன? இருதய கமலம். எட்டுத் திசையிலும் புள்ளி வைத்து, வளைத்து வளைத்து இழுத்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிப்பார்கள். பாட்டி அரிசி மாவில் செய்ததைப் பேத்தி மவுசில் செய்கிறாள்.

பொன்னேரி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதயத்தின் பெயரால் ஒரு கோவில் இருக்கிறது. திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் கோவில். அந்த ஊர்ப் பூசலார் நாயனாரின் கதையைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லி இருக்கிறார். பூசலாருக்குச் சிவனுக்குக் கோவில் கட்ட ஆசை. கையில் காசு இல்லை. ஆகவே மனத்துக்குள் கட்டினார். சும்மா நினைத்து விட்டுப் போகவில்லை. கல் சேர்த்தார், மரம் சேர்த்தார், தச்சரை அமர்த்தினார், நல்ல நாள் பார்த்தார், குளம் வெட்டினார், மதில் எழுப்பினார். எல்லாம் மனத்துக்குள்! அதே சமயம் காஞ்சீபுரத்தில் பல்லவ அரசன் பெரும் பொருள் செலவழித்துக் கற்கோவில் கட்டி முடித்தான். இருவரும் குறித்த குடமுழுக்கு நாள் ஒன்றாகப் போயிற்று. இறைவன் அரசனின் கனவில் வந்து, "நாளை பூசலார் கோவிலுக்குப் போகிறேன். உன் கோவிலுக்கு வேறு நாள் வை" என்றார். அரசன் தேடிக் கொண்டு திருநின்றவூர் வந்தான். கோவிலையே காணோம்! இதய நோய் உள்ளவர்கள் இன்றும் இந்தக் கோவிலுக்கு வந்து வேண்டிக் கொள்ளுகிறார்கள்.

பாதி வரைந்தால் போதும்

பூசலார் ஒவ்வொரு வேலையாகச் செய்தார் அல்லவா? கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். இதயப் படம் எப்படி உருவாகிறது என்று பெற்றோர் ஒரு தடவை கூட உட்கார்ந்து பார்த்தால், பாதிச் சந்தேகம் போய் விடும்.

முதலில் அளவு. 6 அங்குல நீளம், 4 அங்குல அகலம் உள்ள ஓர் அட்டை. அச்சுக்குப் போவதென்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஆகவே 1,800-க்கு 1,200 புள்ளி. வாட்ஸ்-அப்பில் வந்த சின்னப் படத்தைப் பெரிய பேனரில் போட்டால் முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அந்தக் கோளாறு இந்தப் புள்ளிக் கணக்கில்தான் இருக்கிறது.

பிறகு இதயம். முழு இதயத்தையும் வரைந்தால் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து போகும். பாதி மட்டும் வரைய வேண்டும். அதை நகல் எடுத்து, கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி, ஒட்ட வேண்டும். தையற்காரர் துணியை மடித்து வெட்டுகிறாரே, அதே யுக்தி!

இதயம் ஓர் அடுக்கில் இருக்கும். பூ வேலை வேறு அடுக்கில் இருக்கும். எழுத்து வேறு அடுக்கு. கண்ணாடித் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தது போல் எல்லாம் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். பூ பிடிக்கவில்லை என்றால் அந்தத் தகட்டை மட்டும் எடுத்து விடலாம். இதயத்துக்குச் சேதம் இல்லை.

இதயத்தின் ஓரத்தில் முத்துச் சரம் வேண்டுமா? ஒவ்வொரு முத்தாக வைத்தால் விடிந்து விடும். உருண்டையான தூரிகையை எடுத்து, அதன் இடைவெளியைக் கூட்டி, ஓரத்தின் மீது ஓடவிட்டால் முத்து தானே கோத்துக் கொள்ளும். வெளிச்சம் இடது மேல் பக்கத்தில் இருந்து வந்தால் நிழல் வலது கீழ்ப் பக்கம் விழ வேண்டும். இது தெரியாதவர்கள் போடும் படத்தில் இதயத்துக்கு ஒரு பக்கம் நிழல், பூவுக்கு மறு பக்கம் நிழல்! ஒரே படத்தில் இரண்டு சூரியன்.

சிவப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. திரையில் தெரியும் நிறம் வெளிச்சத்தால் ஆனது. அச்சில் வருவது மையால் ஆனது. திரையில் ஜொலித்த சிவப்பு, தாளில் கொஞ்சம் மங்கி விடும். அனுபவசாலிகள் முதலில் ஒரே ஒரு பிரதி அடித்துப் பார்ப்பார்கள்.

கடைசியில் தமிழ் எழுத்து. இங்கேதான் பலர் விழுகிறார்கள். பழைய எழுத்துருவில் அடித்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால், "அன்பு" என்பது ஏதோ குறிகளாக மாறி விடும். சில மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். யூனிகோடு எழுத்துருவைப் பயன்படுத்த வேண்டும். இந்திய மொழிகளுக்கான அமைப்பையும் மென்பொருளில் திறந்து வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்தவருக்கு எந்த அச்சுக் கடையிலும் மரியாதை உண்டு.

இரண்டு தந்தையர்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே எஸ்தர் ஹவ்லண்ட் என்ற பெண் இருந்தார். 1847-ல் படிப்பை முடித்தவர். இங்கிலாந்தில் இருந்து வந்த ஒரு காதலர் தின அட்டையைப் பார்த்தார். "இதை நானே செய்வேன்" என்றார். அவருடைய தந்தை புத்தகக் கடையும் காகிதக் கடையும் வைத்து இருந்தார். "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்று அவர் விரட்டவில்லை. ஜரிகைக் காகிதமும் வண்ணக் காகிதமும் வரவழைத்துக் கொடுத்தார். எஸ்தர் தோழிகளை அழைத்து வீட்டிலேயே வேலையைத் தொடங்கினார். ஒருத்தி பூ வெட்டுவாள். ஒருத்தி ஒட்டுவாள். ஒருத்தி ஜரிகை வைப்பாள். வியாபாரம் பெருகியது. 1881-ல் அதை விற்று விட்டு ஓய்வு பெற்றார். ஊருக்கெல்லாம் காதல் அட்டை செய்த அந்தப் பெண்மணி, கடைசி வரை கல்யாணம் செய்து கொள்ளவே இல்லை!

இன்னொரு தந்தை மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளென் நோல். போட்டோ பிரியர். வீட்டின் நிலவறையில் போட்டோ கழுவும் இருட்டறை வைத்து இருந்தார். வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் வாங்கினார். அவருடைய பிள்ளைகள் தாமஸ், ஜான் இருவரும் இரண்டிலும் பழகினார்கள். அவர்கள் உருவாக்கியதுதான் போட்டோஷாப். 1990-ல் விற்பனைக்கு வந்தது. அச்சுக் கடைகளில் இன்று படம் திருத்துவதற்கே "போட்டோஷாப் செய்வது" என்று பெயர் வந்து விட்டது.

போட்டோஷாப்புக்கு வாடகை கட்ட வேண்டும். கட்ட முடியாதவர்கள் திருட்டுப் பிரதியைத் தேட வேண்டியது இல்லை. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 1995-ல் தொடங்கிய 'ஜிம்ப்' என்ற மென்பொருள் இலவசம். இப்போது உலகம் முழுவதும் உள்ள தொண்டர்கள் அதை வளர்க்கிறார்கள். மேலே சொன்ன இதயம், நிழல், முத்துச் சரம் எல்லாம் அதிலேயே செய்யலாம்.

கம்ப்யூட்டர் வேண்டுமே என்பார்கள். தமிழக அரசின் இலவச லேப்-டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது வாங்கியது எத்தனை வீடுகளில் பரண் மீது கிடக்கிறதோ! ஓடுகிற நிலையில் இருந்தால், ஜிம்பின் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டுப் பழகலாம்.

பிழைப்புக்கு வழி

பொன்னேரியில் இருந்து தினமும் மின்சார ரெயிலில் சென்னைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். தொழிற்பேட்டையில் எந்தச் சாமானைச் செய்தாலும் அதற்கு அட்டைப் பெட்டி வேண்டும். பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்குப் படம் வேண்டும். இதயம் வரையப் பழகிய கைக்கு லேபிள் பெரிய காரியம் அல்ல. வளைவு, நிழல், நிறம், எழுத்து எல்லாம் அதே பாடம்தான். வீட்டை விட்டு வெளியே அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் இது வசதி. வீட்டிலேயே உட்கார்ந்து செய்யலாம்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதயத்துக்குள் யார் போட்டோ இருக்கிறது? அந்த ஆளைக் கேட்டு வைத்ததா? ஒரு பெண்ணின் போட்டோவை அவளுக்குத் தெரியாமல் எடுத்து, தன் படத்தோடு சேர்த்து இதயத்துக்குள் ஒட்டி, ஊரெல்லாம் அனுப்பும் வாலிபனைத்தான் அதட்ட வேண்டும். மகனைப் பெற்றவர்களும் இந்த விசாரணையை நடத்தலாம்! அப்படி ஒரு படத்தால் தொல்லைப்படும் பெண் அழுது கொண்டு இருக்க வேண்டாம். சைபர் குற்ற உதவி எண் 1930. பெண்கள் உதவி எண் 181.

இதயம் நன்றாக வந்து விட்டால் அதை இரண்டு விதமாகச் சேமிக்க வேண்டும். அனுப்புவதற்கு ஒரு பிரதி. அடுக்குகள் கலையாமல் இன்னொரு பிரதி. இரண்டாவதைத்தான் பலர் மறந்து விடுகிறார்கள். அது இருந்தால், மாசி பிறக்கும் சமயத்தில் பழகிய இதயம் வைகாசிக் கல்யாணத்துக்கு ஆகும். போட்டோவையும் பெயரையும் மாற்றினால் போதும். தாய்மாமன் பெயரை மட்டும் மறக்காமல் சேர்க்க வேண்டும்.