மரம் பேசுதா? யார் சொன்னா?

போன செமஸ்டர்ல நான் பல்பு வாங்கின கதை இது.

செடிகளைப் பத்தின டாக்குமென்டரின்னா எனக்குப் பைத்தியம். டேவிட் அட்டன்பரோவோட 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்' (1995), 'தி கிரீன் பிளானட்' (2022) எல்லாம் ராத்திரி சாப்பாட்டுத் தட்டோட உக்காந்து பாத்தவன். நாள் கணக்குல விட்டு விட்டு எடுத்த படங்களைச் சேத்து நிமிஷத்துல ஓட்டறப்போ, சும்மா கிடக்கற முட்கொடி கையை நீட்டி நீட்டிப் பக்கத்து இடத்தைப் பிடிக்கும் பாருங்க, வாயைப் பிளந்துடுவோம்.

அந்த ஜோர்ல வகுப்புல ஒரு செமினார். "காட்டுல மரங்கள் பூஞ்சை இழை வழியா பேசிக்குது, தாய் மரம் தன் குட்டிக்குச் சோறு ஊட்டுது"ன்னு, எங்கயோ ஒரு படத்துல கேட்டதை அள்ளி விட்டேன். பேராசிரியர் அமைதியா ஒரே கேள்வி: "எப்படித் தெரியும்?"

படத்துல பாத்தேன்னா சொல்ல முடியும்? முழிச்சேன்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 1997ல சூசன் சிமார்ட் குழு கனடாவுல பிர்ச் கன்னுக்கும் டக்ளஸ் ஃபர் கன்னுக்கும் நடுவுல கார்பன் போய் வர்றதை அளந்தது நிஜம். ஆனா 2023ல ஜஸ்டின் கார்ஸ்ட்டும் இன்னும் ரெண்டு பேரும் அதுவரைக்கும் வந்த கள ஆய்வுகளை அலசிட்டு, அது பூஞ்சை இழை வழியாத்தான் போகுதுன்னு அடிச்சுச் சொல்ல ஆதாரம் பத்தாது, மண்ணு வழியாவும் போயிருக்கலாம்னு எழுதினாங்க. பெரிய மரம் தன் சொந்தக் கன்னை மட்டும் பாத்துப் பாத்துக் கவனிக்குதுங்கறதுக்குக் காட்டுல செஞ்ச ஆய்வு எதுவுமே இல்லையாம்.

அப்போ இந்தப் படமெல்லாம் வேஸ்ட்டான்னு கேக்காதீங்க. கஸ்குட்டான்னு ஒரு ஒட்டுண்ணிக் கொடி இருக்கு. முளைச்ச உடனே பக்கத்துல இருக்கற தக்காளிச் செடியைத் தேடிப் போகும். 2006ல வந்த ஒரு ஆய்வுல செடியையே எடுத்துட்டு, தக்காளியோட வாசனையை மட்டும் வெச்சாங்க. கொடி அந்தப் பக்கமே வளைஞ்சு வளந்தது! இந்தச் சோதனையை அப்படியே காட்டினா யாராவது சேனல் மாத்துவாங்களா?

நான் சொல்ல வர்றது இவ்ளோதான். ஆச்சரியத்தோட சேத்து 'எப்படித் தெரியும்'கறதையும் காட்டுங்கப்பா. அம்மா சென்டிமென்ட் ஒட்டினாத்தான் செடியைப் பாப்போம்னா, நாம பாக்கறது செடியை இல்ல, நம்மளைத்தான். (மேல முட்கொடிக்கு நானே 'கை' வெச்சுட்டேன், கவனிச்சீங்களா? ஹி ஹி.)

அடுத்த மாசம் அதே வகுப்புல மறுபடியும் பேசணும். இந்தத் தடவை தக்காளி வாசனைதான்.