கற்பிக்கும் அருகதை யாருக்கு?

புத்தி வளர்ச்சி தாமதித்த குழந்தைக்கும், மதியிறுக்கமுள்ள குழந்தைக்கும், கை கால்கள் தன் வசத்தில் நில்லாத குழந்தைக்கும் கல்வி புகட்டும் வித்தை அதற்கென்று பட்டம் பெற்ற ஒரு சிலருக்கே கைவந்தது என்றும், பெற்றோர் அதில் தலையிட்டால் பாசத்தினால் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்றும், ஆகவே அத்தகைய குழந்தையை வீட்டில் வைத்துக் கற்பிக்கத் துணிவது அறியாமை அல்லது பிடிவாதம் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. படித்தவர்களிடத்திலேதான் அது மிகுதி. கல்யாண வீட்டில் உறவினர் சொல்கிறார்கள், வைத்தியர் சொல்கிறார், பள்ளிக்கூடத்து வாசலில் காத்து நிற்கும் மற்றத் தாய்மாரும் சொல்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டுப் பெற்றவளே தன் கைகளின்மேல் நம்பிக்கை இழந்து, வாரத்தில் மூன்று முறை நாற்பது நிமிஷ ‘தெரபி’க்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, மிச்சமுள்ள பொழுதையெல்லாம் கல்வி நடைபெறாத பொழுதாக எண்ணிக் கழித்துவிடுகிறாள். இந்த அபிப்பிராயம் பிழையானது. குழந்தைகளின் மிக நல்ல வருஷங்களை இது வீணாக்குகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

இக்குழந்தைகளுக்கு முதலில் வேண்டிய கல்வி எது? தானே உண்பது, உடுப்பது, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று தெரிவிப்பது, வலிக்கிற இடத்தைக் காட்டுவது, வேண்டியதைக் கேட்பது, வேண்டாததை அழாமல் மறுப்பது. சட்டை போட்டுக்கொள்ளும் ஒரு காரியத்தையே எடுத்துக்கொள்வோம். தேர்ந்த சிறப்பாசிரியர்கள் அதைச் சின்னஞ்சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பார்கள். கைகளை நுழைத்து, தோளைச் சரிசெய்து, பொத்தானைப் பாதித் துளை வரையில் தாமே கொண்டுவந்து, மீதியை இழுத்துவிடும் வேலையை மட்டும் குழந்தையிடம் விடுவார்கள். அது படிந்தபின் அதற்கு முந்திய படி, பின்பு அதற்கும் முந்தியது. இதனால் ஒவ்வொரு தடவையும் காரியத்தை முடித்த சந்தோஷம் குழந்தைக்கே கிட்டுகிறது. மிக அருமையான முறை இது. ஆனால் இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ ஒரே பொழுதில் விளங்கவைத்துவிடலாம். இம்முறை கேட்பதெல்லாம் எண்ணற்ற தடவைகளையும் உண்மையான சந்தர்ப்பத்தையுந்தான். சட்டை போட வேண்டிய உண்மையான சந்தர்ப்பமோ தினந்தோறும் குளித்து எழுந்த வேளையில் வீட்டிலேதான் வாய்க்கிறது.

மதியிறுக்கமுள்ள குழந்தைகளின் விஷயத்தில் இந்த நியாயம் இன்னும் பலப்படுகிறது. ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்துக்கு எடுத்துச் செல்வது அவர்களிற் பலருக்கு மிகவும் கடினமென்பது இத்துறையினர் எல்லோரும் அறிந்த செய்தி. வகுப்பறை மேஜையின்மேல் விளையாட்டு நாணயங்களைப் பரப்பினால் பத்து ரூபாயைத் தவறின்றி எண்ணிக் கொடுக்கும் பையன், தெருமுனைக் கடையில் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திகைத்து நிற்கக்கூடும். அவன் கணக்கு அறியாதவனல்லன்; கணக்கு அந்த மேஜையோடு நின்றுவிட்டது. அந்தக் கடையிலேயே, அந்தக் கடைக்காரரிடமே, நாள்தோறும் தகப்பனோடு போய்ச் சில்லறை கொடுத்து வாங்கிப் பழகியவனுக்கு இந்த இடர் இல்லை. பருப்பில் கல் பொறுக்குவதும், சின்ன வெங்காயம் உரிப்பதும், கொடியிலிருந்து எடுத்த துணியை இன்னாருடையது என்று பிரித்து மடிப்பதும் விரலுக்கும் கண்ணுக்கும் நினைவுக்கும் பயிற்சியாவதைக் கண்ணுள்ளோர் காணலாம்.

பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லரின் சரித்திரத்தை எடுத்துக்காட்டி, வெளியிலிருந்து ஆசிரியை வந்தபின் அல்லவா அக்குழந்தைக்கு அறிவு விளங்கிற்று என்று வாதிப்போர் உண்டு. நிதானமாக ஆராய்ந்தால் அந்தச் சரித்திரம் நம் பக்கத்துக்கே சாட்சி சொல்லும். 1887 மார்ச் 3ஆம் தேதி அலபாமா மாகாணத்து டஸ்கம்பியாவில், ஹெலனின் ஊரில், வந்திறங்கிய அந்த ஆசிரியை ஆன் சல்லிவனுக்கு வயது இருபது. பாஸ்டனிலிருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் மாணவியாயிருந்து முந்திய ஆண்டில்தான் படிப்பை முடித்திருந்தார். ஆசிரியப் பயிற்சிப் பட்டம் ஏதும் அவரிடம் இல்லை. கண்ணும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண்ணுக்கு அப்பள்ளியின் தலைவராயிருந்த ஹௌ முன்பு கற்பித்த விதத்தைப் பற்றிய அறிக்கைகளைச் சில மாதம் வாசித்திருந்தார், அவ்வளவே. முதலில் நேரம் வகுத்துப் பாடம் நடத்தினார். பின்னர், ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்று, பதினைந்து மாதமே ஆனது, பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே மொழியை விளங்கிக்கொள்வதைக் கவனித்து, பாட வேளையை அறவே விட்டுவிட்டு, தாய்மார் கைக்குழந்தையின் காதில் ஓயாமல் பேசுவது போலவே, போகுமிடமெல்லாம் ஹெலனின் உள்ளங்கையில் முழு வாக்கியங்களாக எழுத்துக்கூட்டிப் பேசலானார். அவர் அக்குழந்தையைப் பெற்றவரல்லர் என்பது மெய். ஆனால் கற்பித்த இடம் வீடு. கைக்கொண்ட முறை உலகத்துத் தாய்மார் அனைவருடைய முறை. 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் வாங்கிய அறிவு அந்த வீட்டிலும் தோட்டத்திலுந்தான் முளைத்தது.

அப்படியானால் நிபுணர் வேண்டாமா? கட்டாயம் வேண்டும், அவர் வரவேண்டிய இடம் எது என்பதிலேதான் வழக்கு. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்துப் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. சுற்றுப்புறமெல்லாம் நாட்டுப்புறம், குழந்தைகள் தொலைவு தொலைவாகச் சிதறியிருந்தார்கள், ஒரு வகுப்பறைக்கு அவர்களைத் திரட்டுவது எளிதன்று. ஆகவே ஆசிரியரே வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போனார். அந்த வாரத்துக்குரிய இரண்டொரு காரியங்களைப் பெற்றோரோடு கலந்து தேர்ந்து, தாம் ஒரு முறை செய்து காட்டி, பெற்றோர் செய்வதைப் பார்த்துத் திருத்தி, நாள்தோறும் குறித்துவைக்க ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். கற்பித்தவர்கள் பெற்றோர், ஆசிரியர் அவர்களுக்கு ஆசிரியர். இம்முறை பின்னர்ப் பல தேசங்களுக்குப் பரவியது, பயன் கண்டதனாலேதான்.

வீட்டிலிருந்தால் குழந்தைக்குத் தோழமை கிட்டாது என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் கடைசி வரிசையில் ஒரு மூலையில் உட்காரவைக்கப்பட்டு, யாரும் பெயர் சொல்லி அழைக்காமல் மாலை மணிக்காகக் காத்திருக்கும் குழந்தைக்கு அங்கே எத்தகைய தோழமை கிடைத்தது? வீட்டில் கற்கும் குழந்தையைப் பூங்காவுக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கூசாமல் அழைத்துச் செல்லும் பெற்றோர் அதற்கு ஊரையே பழக்கிவைக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் பார்வைக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்வதை நான் ஆதரிக்கவில்லை. அதற்குக் கல்வி என்ற பெயரே பொருந்தாது.

அவ்வாறே, “உங்கள் பிள்ளையை எங்களால் சமாளிக்க முடியாது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிடும் பள்ளிக்கும் இக்கட்டுரையில் ஆதரவு தேட இடமில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு 2012இல் செய்த திருத்தம், பன்முகக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அளித்தது. தேர்வு குழந்தையின் பக்கத்தது, பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிடும் உரிமையை அது வழங்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, வரையறுத்த அளவு குறைபாடுள்ள குழந்தைக்குப் பதினெட்டு வயது வரையில், அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்கும் உரிமையைத் தருகிறது. பள்ளியின் கதவு திறந்திருக்கும்போது வீட்டைத் தேர்ந்தவர்களுக்காகவே நான் வாதாடுகிறேன்.

அவர்களிடமும் ஒரு வார்த்தை உண்டு. வீட்டுக் கல்வி என்றால் தாயின் கல்வி என்று தகப்பன்மார் ஒதுங்கிவிடுகிறார்கள். சமையல், முதியோர் பணி, மற்றப் பிள்ளைகள் எல்லாவற்றோடும் இதையும் ஒருத்தியின் தலையில் ஏற்றிவைத்து, அவளைத் தியாகி என்று புகழ்வது அநியாயம். காலையில் சட்டைப் பொத்தானும் மாலையில் கடைச் சில்லறையும் தகப்பனுடைய பாடங்களாகட்டும்.

சர்க்காரின் கடமையும் இதில் பெரிது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சியாளர்களும் வீடுகளுக்குச் செல்லும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. போர்ட்டேஜ் ஊரார் கண்ட வழியும் ஏறக்குறைய இதுவே. ஆனால் அவ்வாசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் பஸ்ஸேறி அலையவிட்டால், ஒரு வீட்டில் அமர்ந்து தாயின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு நேரமேது? அவர்களுக்கு நிரந்தர உத்தியோகமும் பிரயாணச் செலவும் அளித்து, ஒவ்வொருவர் பொறுப்பிலும் உள்ள வீடுகளைக் குறைத்து, வாரத்தில் ஒரு முழு முற்பகலாவது ஒவ்வொரு குழந்தையின் வீட்டிலும் தங்கும்படி செய்வதற்கு வரும் பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.